பொப்பியும் பூவரசும்

மலர் இல்லாத சடங்கு மனித வாழ்விலே இல்லை எனலாம். மணவறையை அலங்கரிப்பதும் மலரே. பாடையை மூடுவதும் மலரே. காலையில் இறைவன் திருவடியில் இடப்பட்ட பூ மறுநாள் நிர்மாலியமாகக் களையப்படுகின்றது. அவ்விடத்திலே புதிய பூ இடப்படுகின்றது. வாடுவது மலரின் இயல்பு. மறப்பது மனிதனின் இயல்பு. வாடும் பொருளொன்றைக் கொண்டு மறக்கும் மனத்தைத் தட்டியெழுப்ப மாந்தர் எல்லா நாடுகளிலும் முயன்றுள்ளனர். அம்முயற்சிகளுள் ஒன்றான, போரில் மாண்ட வீரரை மலரால் நினைவுகூரும் வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருளைத் தேர்ந்ததற்கு ஒரு சிறு காரணம் உண்டு. நாம் பயின்றது மிஷனரிமார் நிறுவிய பாடசாலை. நவம்பர் மாதத்தில் ஒருநாள் காலைக் கூட்டத்திலே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். சட்டையிலே சிவப்பு நிறக் கடதாசிப் பூ ஒன்றைக் குத்திக்கொள்வோம். அப்பூவுடனேயே ஒருநாள் வீடு திரும்பியபோது, திண்ணையிலிருந்து பூமாலை கட்டிக்கொண்டிருந்த அம்மம்மா நிமிர்ந்து பார்த்து, “இதென்ன பூ மோனை? ஆற்றை நினைவுக்குக் குத்தியிருக்கிறாய்?” என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அம்மம்மாவும் மேலே கேட்கவில்லை. சின்னஞ்சிறு கேள்விதான். ஆயினும் சென்ற நூறாண்டுகளில் இம்மலரைச் சுற்றி எழுந்த வாதங்கள் யாவும் அக்கேள்வியுள்ளே அடங்கியிருந்தன என்பதைப் பின்னாளிலேயே உணர்ந்தோம்.

பழந்தமிழர் மரபு

மேனாட்டு வழக்கத்தைக் கூறுமுன் எமது மரபைச் சிறிது நோக்குதல் தகும். போரையும் பூவையும் பழந்தமிழர் போல் நெருங்கப் பிணைத்தோர் சிலரே. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சியும், அதனை மீட்கச் செல்வோர் கரந்தையும் சூடினர். மண்ணாசையால் படையெடுத்தவர் வஞ்சியும், மதிலை வளைத்தவர் உழிஞையும், மதிலைக் காத்தவர் நொச்சியும், களத்தில் எதிரெதிர் நின்று பொருதவர் தும்பையும், வென்றவர் வாகையும் சூடினர். பூவின் பெயரே போரின் பெயராயிற்று.

இவை உயிரோடு களம் புகுவோர் சூடிய மலர்கள். மாண்டோர்க்கு நமது முன்னோர் நட்டது கல். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, மாலை அணிந்து, படையலிட்டு வழிபட்டனர். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் 2006ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. பேரரசனுக்கல்ல, மாட்டு மந்தைக்காக உயிர் கொடுத்த ஓர் ஊரவனுக்கு அக்கல் நடப்பட்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

மலர் துக்கத்தோடு முரணி நிற்பதையும் நம் புலவர் கண்டுள்ளனர். ஒல்லையூர் நாட்டுப் பெருஞ்சாத்தன் இறந்த பின்னர், அந்நாட்டிலே முல்லை வழக்கம்போல் மலர்ந்தது கண்டு குடவாயிற் கீரத்தனார் நெஞ்சு நொந்து பாடியது புறநானூற்றில் உள்ளது. தலைவன் மறைந்தபின் பூவைச் சூடுவார் ஒருவருமில்லை என்பதே அப்பாட்டின் துயரம். மனிதர் மடிந்த இடத்திலே இயற்கை மாத்திரம் எதுவும் நடவாததுபோல் பூத்து நிற்பது மனத்தை வாட்டுகின்றது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் ஒரு வைத்தியரை வாட்டியதும் இதே காட்சிதான்.

பிளாண்டர்ஸ் வயல்கள்

1914இல் மூண்ட முதலாம் உலகப் போரில் பெல்ஜியம் நாட்டின் பிளாண்டர்ஸ் பகுதி பெருங்களமாயிற்று. ஈப்பர் என்னும் பழைய நகரைச் சுற்றி இரு திறத்தாரும் அகழிகளிலே பதுங்கி ஆண்டுக்கணக்காகப் பொருதனர். எறிகுண்டுகள் விழுந்து விழுந்து வயல்களெல்லாம் உழுது புரட்டப்பட்டவைபோற் கிடந்தன. இப்பகுதியில் இயல்பாக வளர்வது வயற்பொப்பி என்னும் செடி. கசகசா தரும் செடியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எனினும் வயற்பொப்பி வேறு, அபின் தரும் பொப்பி வேறு. வயற்பொப்பியின் நுண்ணிய விதைகள் மண்ணுள்ளே பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லன. மண் கிளறப்பட்டு வெளிச்சம் படும்போதே அவை முளைக்கின்றன. ஆகவே உழவன் கலப்பை செய்ய வேண்டிய வேலையைப் பீரங்கி செய்தது. மனிதர் புதைக்கப்பட்ட மண்ணிலே இரத்தச் சிவப்பாய்ப் பூக்கள் விரிந்தன. இதிலே அற்புதம் ஒன்றுமில்லை. தாவர நூலின் சாதாரண விதியே செயற்பட்டது. ஆயினும் கண்டோர் மனம் அதனை அவ்வாறு கொள்ளவில்லை.

1915 ஏப்பிரல் 22ஆந் திகதி ஈப்பர்க் களத்திலே ஜேர்மானியர் குளோரீன் என்னும் நச்சு வாயுவைப் பெருமளவில் ஏவினர். அக்களத்திலே கனடாப் படையோடு வைத்தியராகப் பணிபுரிந்தவர் ஜோன் மக்றே என்பவர். மே மாதம் 2ஆந் திகதி அவருடைய இளம் நண்பராகிய அலெக்சிஸ் ஹெல்மர் என்னும் போர்வீரர் குண்டுபட்டு மாண்டார். அடக்கம் செய்யும்போது பிரார்த்தனை கூறக் குருவானவர் ஒருவரும் அருகிலில்லை. மக்றேயே அதனைக் கூறினார். மறுநாள் அவர் பதினைந்து அடிகளில் எழுதிய கவிதை அவ்வாண்டு டிசம்பர் 8ஆந் திகதி இலண்டன் ‘பஞ்ச்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. சிலுவைகளுக்கிடையே பொப்பி பூத்திருப்பதையும், மாண்டோர் உயிரோடிருப்பவரை நோக்கிப் பேசுவதையும் அது கூறுகின்றது. போர் முடிவதைக் காணும் பேறு மக்றேக்குக் கிட்டவில்லை. 1918 ஜனவரியில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் இறந்தார்.

அக்கவிதையில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முற்பகுதியிலே ஒலிப்பது துக்கம். இறுதிப் பகுதியிலோ, எங்கள் பகையை நீங்கள் ஏற்று நடத்துங்கள் என்று மாண்டோர் கேட்பதாக அமைந்துள்ளது. போர்க்காலத்தில் ஆட்சேர்ப்போரும் போர்க்கடன் திரட்டுவோரும் இப்பிற்பகுதியையே பெரிதும் எடுத்தாண்டனர். இழந்த நண்பனுக்காக அழுத கவிதை, இன்னும் பல நண்பர்களைக் களத்துக்கு அனுப்பும் கருவியுமாயிற்று. பொப்பி மலரோடு கூடப் பிறந்த இந்த இரட்டைத் தன்மை பின்னரும் அதனை விட்டு நீங்கவில்லை.

ஈப்பர்க் களத்தில் மாண்டவர் வெள்ளையர் மாத்திரம் அல்லர். அதே ஏப்பிரல் மாதம் 26ஆந் திகதி இந்தியப் படையின் லாகூர்ப் பிரிவும் அங்கே முன்னேறிப் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. நச்சுப் புகைக்கு முகமூடியில்லாமல், கைக்குட்டையை நனைத்து மூக்கை மூடிக்கொண்டு நின்றோருள் பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்கரும் இருந்தனர். போர் முழுவதிலுமாக உயிர் நீத்த இந்தியப் படையினர் ஏறக்குறைய 74,000 பேர். 1927இல் ஈப்பர் நகரில் திறக்கப்பட்ட மெனின் வாயில் என்னும் நினைவுச் சின்னத்திலே, புதைகுழி அறியப்படாத 54,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஹெல்மரின் புதைகுழியும் பிந்திய சண்டைகளிலே அழிந்துபோனமையால் அவர் பெயரும் அங்கே உண்டு. இந்தியப் படையினரின் பெயர்களும் அதே வாயிலில் உண்டு.

கடதாசிப் பூவின் பயணம்

கவிதையிலிருந்த பூவைச் சட்டைக்குக் கொண்டுவந்தவர் இரு பெண்மணிகள். ஒருவர் அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த மொயினா மைக்கல். போர் ஓய்வதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், 1918 நவம்பர் 9ஆந் திகதி, நியூயோர்க் நகரில் மக்றேயின் கவிதையை வாசித்து உருகிய அவர், வாழ்நாள் முழுவதும் பொப்பி அணிவதென உறுதி பூண்டார். தமக்கு அன்று அன்பளிப்பாகக் கிடைத்த 10 டொலரைக் கொண்டு பட்டாலான பொப்பிப் பூக்களை வாங்கி அங்கு கூடியிருந்தோர்க்கு வழங்கினார். 1920இல் அமெரிக்கப் படைவீரர் சங்கம் அம்மலரைத் தனது நினைவுச் சின்னமாக ஏற்றது. மற்றவர் பிரான்சு நாட்டவராகிய அன்னா கெரின். போரினால் பாழடைந்த தமது நாட்டின் அநாதைப் பிள்ளைகளுக்காகப் பொப்பிப் பூக்களை விற்றுப் பணம் திரட்டலாம் என்று அவர் பல நாடுகளிலும் எடுத்துரைத்தார்.

1921இல் அன்னா கெரின் இலண்டன் சென்று, அவ்வாண்டு தொடங்கப்பட்ட பிரித்தானியப் படைவீரர் சங்கத்தாரைச் சந்தித்தார். போர்க்காலச் சேனாதிபதியாயிருந்த ஹேக் பிரபுவே அச்சங்கத்தின் தலைவர். போரிலிருந்து மீண்டோரிற் பலர் அங்கவீனராய், வேலையற்று வீதியில் நின்ற காலம் அது. சங்கத்தார் பிரான்சிலிருந்து பூக்களைத் தருவித்து 1921 நவம்பர் 11ஆந் திகதி விற்றனர். விற்ற பூக்கள் 90 இலட்சம். சேர்ந்த பணம் 106,000 பவுண். அடுத்த ஆண்டிலே மேஜர் ஜோர்ஜ் ஹௌசன் என்பவர் போரில் ஊனமுற்ற ஐவரைக்கொண்டு இலண்டனில் பொப்பித் தொழிற்சாலை ஒன்றைத் தொடக்கினார். ஒரு கையை இழந்தவரும் எஞ்சிய கையாற் செய்யத்தக்க விதமாகவே அப்பூ அமைக்கப்பட்டது. 1926இல் ஹேக் பிரபுவின் துணைவியார் எடின்பரோ நகரிலும் ஒரு தொழிற்சாலையை நிறுவினார்.

நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்ட பூக்கள் கப்பல் தாமதித்தமையால் 1921 நவம்பருக்கு வந்து சேரவில்லை. ஆகவே 1922 ஏப்பிரலில் அவற்றை விற்றனர். அந்நாட்டிலே இன்றும் பொப்பி தினம் ஏப்பிரல் மாதத்திலேயே வருகின்றது. ஒரு கப்பலின் தாமதம் ஒரு தேசத்தின் வழக்கமாகிவிட்டது. பிரான்சு நாட்டார் கொண்டதோ சிவப்புப் பொப்பியல்ல. அதே களங்களிற் பூத்த நீல மலரொன்றை அவர்கள் தமதாக்கினர். பாரிசு நகரின் போர்வீரர் மருத்துவ நிலையமொன்றில் 1916இலே, கையும் காலும் இழந்தோர்க்கு ஒரு தொழில் வேண்டுமென்று சார்லொற் மலெற்றேர், சூசான் லெனார் என்னும் இருவர் அந்நீலப் பூவைத் துணியாற் செய்யக் கற்பித்தனர். துக்கத்துக்கு ஓர் உருவமும், ஊனமுற்றவனுக்கு ஒரு பிழைப்புமாக மலர் பயன்பட்டது என்பதே இவ்வரலாறு முழுவதிலும் நாம் காணும் உண்மை.

கொழும்பிலே எழுந்த கேள்வி

பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் சென்ற பொப்பி இலங்கைக்கும் வந்தது. உலகப் போரிலே இந்நாட்டவரும் சென்று பணிபுரிந்தனர், மடிந்தோரும் உளர். லட்யன்ஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த போர் நினைவுத் தூண் முதலிலே காலிமுகத் திடலில் நின்றது. பின்னர் இப்போது விகாரமகாதேவிப் பூங்கா எனப்படும் விக்டோரியாப் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 11ஆந் திகதி வீதிகளிலும் பாடசாலைகளிலும் பொப்பி விற்கப்பட்டது. பிள்ளைகள் தங்கள் சதங்களைக் கொடுத்து அதனை வாங்கினர்.

அப்பணம் எங்கே சென்றது? அதன் பயன் பிரித்தானியப் படைவீரர்க்கே பெரிதும் சென்றது. இந்நாட்டிலிருந்து போருக்குச் சென்று திரும்பி வறுமையுற்றோர் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். போருக்குச் சென்று மீண்டவர்களுள் ஒருவராகிய ஈலியன் பெரேரா இதனைப் பொறாதவராய், அதே தினத்திலே சூரியப் பூவை விற்று அப்பணத்தை இலங்கைப் படைவீரரின் உதவிக்கு அளிக்கும் முயற்சியைத் தொடக்கினார். சிங்களத்திலே சூரிய மல் எனப்படும் அம்மலர் எது தெரியுமா? எமது வீட்டு வேலிகளிலே கிளுவையோடு நிற்கும் பூவரசின் பூவே அது.

பூவரசை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளையும் இல்லை. அதன் குழை தோட்டத்துக்கு எரு. மரம் தச்சனுக்கு உதவும். காலையில் மஞ்சளாய் விரியும் பூ, வாடும்போது செந்நிறம் ஏறி விழும். யாரும் அதனைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. மாலையாகக் கட்டிப் பெருமை செய்ததும் அரிது. அத்தகைய வேலிப் பூ ஒரு பேரரசின் பூவுக்கு எதிரே நிற்கும் காலம் வந்தது.

1933ஆம் ஆண்டில் டொரீன் யங் என்னும் ஆங்கிலேய ஆசிரியை, ‘மலர்களின் போர்’ என்று பொருள்படும் தலைப்பில் ‘சிலோன் டெயிலி நியூஸ்’ பத்திரிகையிலே ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் நாட்டுப் படைவீரர் பசித்திருக்க, இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் பிரித்தானியப் படைவீரர்க்காகப் பூ வாங்க வேண்டியிருப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்று அவர் கேட்டார். தமது இனத்தவரின் கடுமையான ஏச்சுக்கு அவர் ஆளானார். ஆயினும் தெற்குக் கொழும்பு வாலிபர் சங்கத்தார் அக்கேள்வியைத் தமதாக்கினர். சூரிய மல் இயக்கம் புத்துயிர் பெற்றது. டொரீன் யங் அதன் தலைவரானார். ரெறன்ஸ் டி சில்வாவும் ரொபின் இரத்தினமும் இணைச் செயலாளராயினர். ஆங்கிலப் பெண்மணியும் சிங்கள வாலிபரும் தமிழ்ப் பெயர் தாங்கிய வாலிபரும் ஒரு வேலிப் பூவின் கீழ் ஒன்றுகூடினர் என்பது இன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்த டொரீன், 1952இல் அக்குறஸ்ஸைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார்.

இயக்கத்தின் நோக்கம் இப்போது விரிந்தது. ஈலியன் பெரேரா கேட்டது எங்கள் வீரர்க்கும் உதவுங்கள் என்பது. வாலிபர்களோ போரையும் ஏகாதிபத்தியத்தையும் எதிர்க்கும் அடையாளமாகச் சூரிய மலரைக் கொண்டனர். இரண்டாம் உலகப் போர் வரையில் ஆண்டுதோறும் நவம்பர் 11ஆந் திகதி பொப்பி விற்போர்க்கு எதிரே இளைஞரும் யுவதிகளும் வீதிகளில் நின்று சூரிய மல் விற்றனர். வாங்கியோர் பெரும்பாலும் எளியோர். ஆகவே சேர்ந்த பணம் பெரிதன்று. ஆயினும் சேர்ந்த மனிதர் பெரியர்.

அதற்குச் சான்று விரைவில் வந்தது. 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1935 வரை மலேரியாக் காய்ச்சல் இலங்கையை வாட்டியது. மழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, நுளம்பு பெருகிற்று. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். சூரிய மல் இயக்கத்தார் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். நோயின் பின்னே நின்றது பசி என்பதை அவர்கள் அங்கே நேரிற் கண்டனர். பருப்பு வழங்கிய கலாநிதி என். எம். பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மகாத்தயா’ என்று அழைத்தனராம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி இவ்வியக்கத்தாரிடையே இருந்து உருவாயிற்று. மறு ஆண்டிலே என். எம். பெரேரா றுவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். மாண்டோர்க்காகத் தொடங்கிய பூ, சாகக் கிடந்தோரின் வாசலுக்கு அவ்விளைஞரை அழைத்துச் சென்றது. இவ்வரலாற்றிலே எம்மை மிகவும் கவர்ந்தது இப்பகுதியே.

வெண்பொப்பி

இலங்கையில் பொப்பியை எதிர்த்துப் பூவரசு நின்ற அதே 1933ஆம் ஆண்டில், இங்கிலாந்திலேயே இன்னொரு கேள்வி எழுந்தது. கூட்டுறவு மகளிர் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் வெண்ணிறப் பொப்பியை அணியத் தலைப்பட்டனர். அவர்களுட் பலர் போரிலே கணவனையோ மகனையோ சகோதரனையோ பறிகொடுத்தவர்கள். மாண்டோரை நினைப்பது மாத்திரம் போதாது. இனியொருவர் மாளாதிருக்கவும் உறுதி செய்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. வெண்பொப்பி அணிந்தமைக்காகச் சிலர் வேலையையும் இழந்தனர். மாண்டோரை அவமதிக்கிறார்கள் என்று அவர்களைப் பழித்தவர்களும் பலர். தன் மகனை இழந்த தாய் தன் மகனை அவமதித்தாள் என்று கூறத் துணிவதற்கு எத்துணைக் கல்நெஞ்சம் வேண்டும்!

ஆனால் சிவப்புப் பொப்பி அணிவோர் எல்லாரும் போரை விரும்புவோர் என்று கொள்வதும் நியாயமன்று. முதலாம் உலகப் போர் தொடங்கி நூறாண்டு நிறைந்த 2014இல், இலண்டன் கோட்டையின் அகழியிலே மட்பாண்டத்தாற் செய்த 888,246 பொப்பிகளை நட்டனர். பிரித்தானியாவுக்கும் அதன் குடியேற்ற நாடுகளுக்குமாக மாண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பூ. இலட்சக்கணக்கான மக்கள் வந்து பார்த்துக் கண்ணீர் உகுத்தனர். எண்ணாக இருந்த மரணம் கண்ணுக்குப் பூவாகத் தெரிந்தபோதே அதன் பாரம் விளங்கியது. ஆயினும் அவ்வெண்ணிக்கையினுள் எதிரிலே நின்று மாண்ட ஜேர்மானிய இளைஞன் இல்லை என்று சுட்டிக் காட்டினோரும் உண்டு. ஆற்றை நினைவுக்கு என்ற கேள்வி அகழியின் கரையிலும் வந்து நின்றது.

நாம் கற்பன யாவை?

இவ்வரலாற்றினின்று மூன்று உண்மைகளை நாம் பெறலாம். முதலாவது, நினைவுகூர்தல் இருப்போர்க்கு உதவுவதாய் அமைதல் வேண்டும். ஒற்றைக் கையாற் செய்த கடதாசிப் பூவும், மலேரியாக் கிராமத்துக்குச் சென்ற பருப்பும் இதனையே போதிக்கின்றன. இரண்டாவது, நினைவு பிறராற் புகுத்தப்படுமாயின் அது நினைவாகாது. பொருளறியாத பிள்ளையின் சட்டையிற் குத்தப்பட்ட பூ வெறுங் கடதாசியே. மூன்றாவது, ஒருவர் நினைவை மற்றொருவர் தடுத்தலும் ஆகாது. சூரிய மல் விற்ற வாலிபர் பொப்பி விற்றவரின் கூடையைப் பறித்தெறியவில்லை. தம் கூடையைத் தாமே ஏந்தி எதிரே நின்றனர்.

இம்மூன்றாவது உண்மை எமது நாட்டுக்கு மிகவும் வேண்டியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் எண்ணற்ற வீடுகள் பிள்ளைகளை இழந்தன. அவருட் சிலருக்குக் கல்லிற் பெயர் உண்டு, சிலருக்குப் படம் மாத்திரம் உண்டு, சிலருக்கு அதுவுமில்லை. ஒரு சாராருக்கு நினைவாயிருக்கும் மலர் மறு சாராருக்கு அச்சமாயிருப்பதையும் நாம் காண்கின்றோம். யார் செய்தது நீதி, யார் செய்தது அநீதி என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று; அதனை வரலாறும் மனச்சாட்சியும் கேட்க வேண்டிய முறையிற் கேட்கட்டும். ஆனால் மாத்தறையிலுள்ள தாயும் முல்லைத்தீவிலுள்ள தாயும் தத்தம் பிள்ளையின் படத்துக்கு முன் ஒரு பூவை வைப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கும் நிலை இருத்தலாகாது. தாயின் கையிலுள்ள பூவைக் கண்டு அஞ்சுகின்ற நாடு இன்னும் சமாதானத்தை எய்தவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

எமது சமயம் இதற்கு வழி காட்டாமலில்லை. ஆடி அமாவாசையன்று கீரிமலையிலே எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்களை நினைக்கின்றோம். தர்ப்பண முறையிலே தாய்க்கும் தந்தைக்கும் நீர் வார்த்தபின், தாயும் தந்தையும் சுற்றமும் நண்பரும் அற்று இறந்தோர்க்கும் நீர் வார்க்கும் ஒரு பகுதி உண்டு. அவர் எக்குலத்தவர், எம்மொழியினர், எப்படையினர் என்று அங்கே கேள்வியில்லை. நினைப்பார் எவருமில்லை என்பதே அவர்க்குரிய தகுதி. இத்துணை விரிந்த உள்ளம் படைத்த ஒரு மரபின் பிள்ளைகளாகிய நாம், எமது துயரத்துக்கு இடம் கேட்கும்போது பிறர் துயரத்துக்கும் இடம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

அன்பார்ந்த இளைஞர்களே! தெற்குக் கொழும்பு வாலிபர் சங்கத்தார் 1933இல் செய்ததை ஓர் இளைஞர் சங்கம் இன்றும் செய்யலாம். பெரிய நிதி வேண்டியதில்லை. வேலியிலே பூ இருக்கின்றது. போரிலே காலிழந்தவர், கணவனை இழந்தவர், பிள்ளையைத் தேடி இன்னும் வாசலைப் பார்த்திருப்பவர் எமது ஊர்களிலேயே உளர். ஆண்டில் ஒருநாள் பூ வைத்துவிட்டு ஏனைய நாட்களில் அவர் வீட்டுப் படலையைத் திறவாதிருப்போமாயின் அப்பூவினால் யாது பயன்? பெரியோர்களே! நீங்கள் கண்டதையும் இழந்ததையும் எமக்குச் சொல்லுங்கள். சொல்லப்படாத மரணம் இரண்டாம் முறையும் மரணமாகின்றது.

அம்மம்மா கேட்ட கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்று கேட்பாராயின், பிளாண்டர்ஸ் மண்ணில் நச்சுப் புகையில் மூச்சடைத்து மாண்ட கனடா நாட்டவனுக்கும், அவனருகே மாண்ட பஞ்சாபிக்கும், அவர்களுக்கு எதிரே மாண்ட ஜேர்மானியனுக்கும், எமது மண்ணிலே பெயரின்றிப் போன எல்லோர்க்குமாக என்று கூறுவோம். அம்மம்மா கட்டுகின்ற மாலையில் அப்படியானால் இன்னும் நிறையப் பூ வேண்டும் என்பார். உண்மைதான், நிறையப் பூ வேண்டும். அதனினும் மேலாக, இனிமேல் அத்துணைப் பூ வேண்டாத ஒரு காலத்தை உண்டாக்கும் உறுதி வேண்டும். அவ்வுறுதியை எமக்கு அருளுமாறு எல்லாம் வல்ல இறைவன் திருவடியை வணங்குவோமாக.